சுவருக்குள் பஞ்சு

சுவரை உதைத்தால் கால்தான் உடையும் என்று சொல்வார்கள், எங்கள் வீட்டுச் சுவர் அப்படிப்பட்டதில்லை, அது ஜிப்சம் போர்டு, தகரச் சட்டத்தில் அடித்த அட்டை, அப்பாவின் காலைக் கணுக்கால் வரைக்கும் உள்ளே வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது, அவர் ஒற்றைக் காலில் நின்றார், கொக்கு மாதிரி, அம்மாவின் முடி அப்போதும் அவர் கையில்தான் இருந்தது, விழாமல் நிற்க அவருக்கு அந்த முடிதான் பிடிமானம், அம்மா குனிந்தபடியே "மெதுவா எடுங்க, தகரம் கிழிச்சிடப் போவுது" என்றாள், அவர் காலுக்காக, உதை வருகிற நேரத்தில் நகர்ந்தது அம்மாதான், அவளுடைய வயிறுதான் அந்த உதைக்குக் குறி, அது விலகியதால் சுவருக்குப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன். அதற்கு எனக்கும் விழுந்தது, இடது காதில், இன்னும் அந்தக் காதில் ஒரு கொசு குடியிருக்கிறது. இப்போது அந்த ஓட்டை இல்லை, ஓட்டை இருந்த போர்டே இல்லை, போர்டு வேலை செய்கிற ஏகாம்பரம் அண்ணன் காலையிலேயே வந்து அதை முழுசாகக் கழற்றி வாசலில் சாத்தி வைத்துவிட்டார், சுவர் தோலை உரித்த ஆடு மாதிரி நிற்கிறது, தகரச் சட்டங்கள் விலா எலும்பு, நடுவில் மஞ்சளாகப் பஞ்சு, அவர் பீடி பிடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், திரும்பி வந்ததும் புது போர்டை வைத்து மூடிவிடுவார், அதற்குள் நான் ஒன்று செய்ய வேண்டும், செய்ய வேண்டும் என்று தெரிகிறது, கை எழவில்லை, அவருடைய கத்தி தரையில் கிடக்கிறது, போர்டு அறுக்கிற கத்தி, நுனியை ஒடித்து ஒடித்துப் புதுசாக்கிக்கொள்கிற கத்தி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மெர்சி அக்கா. ஒரு மாடியை ஹவுஸ் ஓனர் நடுவில் போர்டு அடித்து இரண்டு வீடாக்கி இரண்டு வாடகை வாங்குகிறார், அவருக்கு அது புத்திசாலித்தனம், எங்களுக்கு அது மெர்சி அக்கா. அக்கா ஜாக்கெட் தைக்கிறவள், பகல் முழுக்க மிஷின் ஓடும், கடகடகடவென்று, நிற்கும், நூல் மாற்றுகிறாள், மறுபடி கடகட, எனக்கு அவள் முகத்தைவிட அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் அப்பா ஆரம்பித்தால் அந்தப் பக்கத்திலிருந்து சப்பாத்திக் கட்டையால் தட்டுவாள், டம் டம் டம். அவ்வளவுதான், அப்பாவின் கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். போலீஸ் வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம், ஒரு சப்பாத்திக் கட்டை. ஏனென்றால் அவருக்கு மானம் பெரிசு, மேட்டுத்தெரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர், கோதண்டம் சார் கையில் சாவியைக் கொடுத்துவிட்டால் பெண் வீட்டுக்காரர்கள் நகை அறையைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்குவார்களாம், அவரைப் போல நம்பிக்கையான ஆள் கிடையாதாம், என்னிடமே சொல்லியிருக்கிறார்கள், நான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அடிப்பதற்கு முன்னால் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைப்பார், கண்ணாடி உடைந்துவிடக் கூடாது என்று. டிவியில் சத்தத்தை ஏற்றுவார். அப்புறம் குரலே எழுப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றாகவே பேசிக்கொண்டு அடிப்பார், கூச்சல் போட்டு அடிக்கிற அப்பாக்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது. அம்மாவும் சத்தம் போட மாட்டாள், எவ்வளவு அடக்கினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் உடம்பு தானாகக் கத்தும், அப்போதுதான் டம் டம்.

போர்டு உடைந்த மறுநாள் ஓனர் வந்து பார்த்துவிட்டு "உங்க கைக்காசுல சரி பண்ணிக் குடுத்துடுங்க சார்" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டுப் போனார், கால் அளவுக்கு ஓட்டை எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை, பீரோ நகர்த்தும்போது இடித்துவிட்டது என்று அப்பா சொன்னதற்குத் தலையை ஆட்டினார், எங்கள் பீரோ எதிர்ச் சுவரில் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொண்டேதான் ஆட்டினார். அப்பா என்னைக் கூப்பிட்டு "ஏய் லோகி, படிப்பையும் விட்டுட்டு வூட்ல சும்மாதானே கெடக்குற, நல்ல ஆளா ஒருத்தன புடி, நம்பிக்கையான ஆளா இருக்கணும், கண்டதையும் வெளிய போய்ப் பேசறவனா இருக்கக் கூடாது" என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், சர்க்கரை வாங்கிவரச் சொல்வதுபோல இன்னொன்றும் சொன்னார். "உள்ள காலியா இருக்கு பாரு, அதுல பஞ்சு வச்சு அடைக்கச் சொல்லு. இந்தாண்ட சத்தம் அந்தாண்ட போவவே கூடாது." எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன், இஸ்திரி வண்டிக்காரர் ஒரு வேட்டியின் மேல் தண்ணீரைத் தெளித்துப் பெட்டியை வைத்தார், சுர்ர்ர் என்றது, அந்தச் சுர்ர்ரில்தான் எனக்குப் புரிந்தது. அப்பா ஓட்டையை அடைக்கவில்லை. மெர்சி அக்காவின் வாயை அடைக்கிறார், சப்பாத்திக் கட்டையை அடைக்கிறார். இனி கை நிற்கவே நிற்காது.

ஆள் தேடுவதில் நான் செய்த வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். முதலில் வந்தவர் நல்ல மனுஷன், நெற்றி நிறைய விபூதி, செய்த வேலைகளின் படமெல்லாம் போனில் காட்டினார், உள்ளே என்ன வைக்கிறேன் என்று நீங்களே நின்று பார்த்துக்கொள்ளலாம், அஞ்சு வருஷத்துக்கு நான் பொறுப்பு என்றார். ஒழுங்கானவன் ஒழுங்காக அடைத்துவிடுவான். "எங்கப்பாவுக்கு உங்க ரேட்டு ஒத்துவராதுங்க" என்று ரேட்டைக் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் ஹார்டுவேர் கடை பாயிடம் போய் "இந்த வேலைக்கு யாரக் கூப்பிடக் கூடாது பாய்?" என்றேன். பாய் ஸ்க்ரூ எண்ணுவதை நிறுத்திவிட்டு "இன்னாடா இது, ஒலகமே மாத்திக் கேக்குது" என்று சிரித்தார். "ஏகாம்பரம்னு ஒருத்தன் இருக்கான்மா, அவன மட்டும் வூட்டுக்குள்ள வுடாத. ஒரு டாக்டரம்மா வூட்ல சுவத்துக்குள்ள பஞ்சு வைக்கச் சொன்னா பழைய பேப்பரைச் சுருட்டி வச்சு மூடிட்டான். மூடிட்டா உள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?" எனக்கு அந்த நிமிஷமே ஏகாம்பரத்தின் காலில் விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது. எவனுக்குத் தெரியும். அப்பா கேட்டது நம்பிக்கையான ஆளை, நான் தேடியதும் நம்பிக்கையான ஆளைத்தான், கட்டாயம் ஏமாற்றுவான் என்று நம்பி உட்காரக்கூடிய ஆளை.

அந்த ஏகாம்பரம் இன்றைக்குக் காலையில் ஆட்டோவிலிருந்து நிஜமான பஞ்சை இறக்கினார். சுருட்டிக் கட்டிய மஞ்சள் பாய் மாதிரி, புத்தம் புதுசு, பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை. நான் வாசலில் நின்று "இன்னாண்ணா, நெஜமாவே வாங்கினு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன், வாய் தவறி வந்துவிட்டது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு சொன்னா உனக்கு, அந்த பாய் சொன்னானா? இத பாரு பாப்பா, உங்கப்பா நேத்து போன் பண்ணாரு, மண்டபத்து சீலிங்கு மொத்தமும் எனக்குத்தான்னு சொல்லிக்கீறாரு, இந்த வேலைய ஒழுங்கா முடிச்சாத்தான் அது. மூடறதுக்கு முன்னால போட்டோ அனுப்பணும்னு வேற. என் பொண்டாட்டி மேல சத்தியமா இந்தச் சுவத்துல ஒரு குண்டூசி விழற சத்தம் போவாது." சொல்லிக்கொண்டே தகரச் சட்டங்களுக்கு நடுவில் பஞ்சை வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டி நிரப்பினார், "கையால தொடாத, இது கண்ணாடி இழை, அரிச்சு எடுத்துடும்" என்றார், ஒவ்வொரு கட்டமாக நிரம்ப நிரம்ப மெர்சி அக்காவின் மிஷின் சத்தம் தேய்ந்தது, கடகட என்பது கடக் ஆனது, கட் ஆனது, கடைசிக் கட்டத்தை அமுக்கியதும் யாரோ ஒரு ஆளின் கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது. ஏகாம்பரம் அண்ணன் போட்டோ எடுத்தார், அனுப்பினார், அப்பாவிடமிருந்து பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து ஒற்றை விரலால் பஞ்சை அமுக்கிப் பார்த்தாள். உதட்டில் தையல் போட்ட இடம் இன்னும் உப்பியிருக்கிறது. "நல்லா மெத்துன்னு இருக்குல்ல" என்றாள்.

மெத்துன்னு. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரமாக மல்லுக்கட்டுகிறேன். அவர் அடிப்பதுகூட எனக்குப் புரிகிறது, அப்படியென்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை, எனக்கும் கை வரும், பிளஸ் ஒன்னில் என் பையைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்தவளின் தலையை நான் பெஞ்சில் மோதியிருக்கிறேன், அந்தச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், அந்த ருசி எனக்குள்ளும் இருக்கிறது, அவர் கொடுத்ததுதான். அம்மாதான் புரியவில்லை. நேற்று அவளிடம் கேட்டேன், இந்தப் பஞ்சு எதற்கென்று உனக்குத் தெரியுமா என்று. "தெரியும்டி" என்றாள், "அந்தாண்ட கேக்காம இருந்தாத்தான் நல்லது. காலையில மாடிப்படியில அந்த மெர்சி எதிர்ல வந்தா நான் தலைய எங்க வச்சிக்கறது? ஒடம்பு வலி ரெண்டு நாள்ல போயிடும், அவ பாக்கற பார்வை போவாது." கத்தி அங்கேயே கிடக்கிறது. அதை எடுத்து அவர் தூங்கும்போது காதோரமாக, கழுத்தில் ஒரு நரம்பு துடிக்குமே, கோபத்தில் கயிறு மாதிரி புடைக்குமே, அங்கே, போர்டு மாதிரி ஒரு கோடு இழுத்து ஒடித்தால் போதும், போர்டை அப்படித்தான் உடைக்கிறார்கள், முழுசாக அறுப்பதில்லை, மேலே ஒரு கோடு, பின்னாலிருந்து ஒரு தட்டு, டக், எவ்வளவு சுத்தமாக உடைகிறது. அப்புறம் ரத்தம் வரும். அப்புறம் அம்மா "மெதுவா, கத்தி அவர் கண்ணுல பட்டுடப் போவுது" என்பாள். அப்புறம் என்னை ஜெயிலில் பார்க்க வருவாள், தலையைக் குனிந்துகொண்டு, அங்கேயும் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. வேண்டாம். கத்தியைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எனக்குப் பயம் அவரிடம் இல்லை, அந்தக் கத்தியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே, அதில்தான். போட்டோ போய்விட்டது. கட்டைவிரலும் வந்துவிட்டது. இனிமேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எவனுக்குத் தெரியும். பாய் சொன்ன வார்த்தை, எவனுக்குத் தெரியும், ஏகாம்பரம் ஏமாற்றவில்லையென்றால் ஏமாற்ற வேறு ஆளே இல்லையா இந்த வீட்டில்.

பிடுங்கினேன். இரண்டு கையாலும், நாயின் வயிற்றைக் கிழிக்கிற மாதிரி, அமுக்கி வைத்திருந்தது பிதுங்கிப் பிதுங்கி வந்தது, வாயிலும் மூக்கிலும் பறந்தது, கை முழுக்க ஆயிரம் முள், அரிப்பா எரிச்சலா தெரியவில்லை, நான் நிறுத்தவில்லை, பிடுங்கியதைக் காலில் போட்டு மிதித்தேன், கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது, அவரைச் சொல்ல வேண்டியதையெல்லாம் பஞ்சைச் சொன்னேன். அம்மா ஓடி வந்தாள். "வைடி உள்ள, பைத்தியக்காரி, கொன்னுடுவாருடி, வைடி" என்று என் முதுகில் அடித்தாள், அறைந்தாள், அம்மாவுக்கு இவ்வளவு பலமா, இந்தப் பலத்தை எங்கே வைத்திருந்தாள், இதில் கால்வாசியை அவர் மேல் காட்டியிருந்தால், நான் திரும்பி அவள் கையைப் பிடித்து முறுக்கினேன், முறுக்கிவிட்டேன், அவள் முகம் அவர் முன்னால் எப்படிச் சுருங்குமோ அப்படியே எனக்கு முன்னால் சுருங்கியது. கையை விட்டேன். அப்போது கடகடகட என்றது. மிஷின். பக்கத்திலேயே, நாங்கள் இரண்டு பேரும் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பதுபோல. நின்றது. "யாரு அது? அம்சாக்கா? அம்சாக்கா, இன்னா ஆச்சு, அவரு வூட்லயா கீறாரு?" மெர்சி அக்காவின் குரல், ஒற்றைப் போர்டுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து வாயை, அந்த உதட்டை, மூடிக்கொண்டாள். சுவர் பார்த்துவிடும் என்பதுபோல.

நான் முட்டி போட்டு, தகரச் சட்டங்களுக்கு நடுவில் தலையை விட்டு, போர்டில் வாயை வைத்துப் பேசினேன். "அக்கா, லோகி பேசறேன். அவர் இல்ல. சுவத்துல பஞ்சு வைக்கச் சொல்லிக்கீறாரு, இனிமே உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்குவாரு. கேக்கும். நான் எடுத்துட்டேன். அவர் வந்த பிறகு மிஷின் ஓட்டாதீங்க, டிவி போடாதீங்க, கேக்காத மாதிரியே இருங்க. தட்டவும் வேணாம்." அக்காவுக்கு என்ன தலையெழுத்து, வயிற்றுப்பிழைப்பு மிஷினை நிறுத்தச் சொல்ல நான் யார். அப்புறம் மெதுவாக, "தட்டாம இன்னாடி பண்ணச் சொல்ற?" என்றாள். "வாங்க" என்றேன், "நேரா வாங்க, ஆளுங்களோட." "வர்றேன்" என்றாள் மெர்சி அக்கா, "எங்கூட்டுக்காரரு, மேல் வூட்டு பசங்க, அந்த ஓனரு கெழவன், அல்லாரையும் இஸ்துகினு வர்றேன். நீ கதவுக்கு மட்டும் தாப்பா போடாத. இன்னிக்கோ நாளைக்கோ, என்னிக்குன்னாலும்." நான் தலையை வெளியே எடுத்தபோது அம்மா பால்கனியிலிருந்து அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கு மட்டும் என் பக்கம் நீண்டிருந்தது. அள்ளிப் போட்டேன்.

ஏகாம்பரம் அண்ணன் பல் குத்திக்கொண்டே வந்தார். காலிச் சுவரைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், தோள் வரைக்கும் சிவந்து தடித்துப்போன என் கையைப் பார்த்தார், அப்புறம் அம்மாவின் உதடு. பீரோவை நகர்த்தினோம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மண்டபத்து சீலிங் முழுசும் இந்த ஆளுக்கு, ஒரு போன் போட்டால் போதும், போட்டால் இன்றைக்கு எங்கள் இரண்டு பேரின் எலும்பும் இந்தச் சாக்கில்தான் போகும். அவர் சாக்கைத் தூக்கி எடை பார்த்தார். "இத இன்னா பண்ணப் போற?" "தெரியலண்ணா." "நான் எடுத்துக்கவா? ஆலந்தூர்ல ஒரு வூட்டுக்கு வைக்கணும். அப்பிடியே புதுசாத்தான் கீது." நான் அவர் முகத்தையே பார்த்தேன், திருட்டு முகம், என்ன அழகான திருட்டு முகம். "எடுத்துக்கங்க" என்றேன். "ஆனா யாருக்கும்," என்று ஆரம்பித்தேன். "அட போ பாப்பா," என்றார் ஏகாம்பரம், ஸ்க்ரூ மிஷினை எடுத்துக்கொண்டே, "ஒரே பஞ்ச ரெண்டு வூட்டுக்குக் கணக்கு காட்றவன், அத வெளிய போயா சொல்லுவான்?" ட்ர்ர்ர் என்று முதல் ஸ்க்ரூ இறங்கியது. போர்டு ஏறியது, டேப் ஒட்டினார், பட்டி பூசி இழுத்தார், சுவர் ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி வெள்ளையாக நின்றது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சுவரிடம் போய் டொக் டொக் என்று தட்டினார், காதை வைத்தார், நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அரிப்பைச் சொறியாமல் நின்றேன், அது பெரிய தவம், அந்தப் பக்கம் மிஷின் இல்லை, டிவி இல்லை, பாத்திரம் இல்லை, ஊசி முனையில் நிறுத்தி வைத்த மாதிரி ஓர் அமைதி. காதை எடுக்காமலே சிரித்தார். "சொன்னேன்ல, நம்பிக்கையான ஆளா புடிக்கணும்னு. அவன் வேலைக்காரன்யா." கல்யாண மண்டபத்துச் சிரிப்பு, எனக்கு அந்தச் சிரிப்பு கிடைப்பது அபூர்வம், அதற்குள் அம்மா காப்பி கொண்டுவந்தாள், ஒரு வாய் குடித்தார், ஆறியிருந்தது போல. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். எப்போதும் போல ரிமோட்டை எடுத்தார், சத்தத்தை ஏற்றுவார் என்று பார்த்தேன், டிவியை அணைத்துவிட்டார். இனி எதற்கு அது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் கதவைப் பார்த்தேன், தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. அப்பா வாயைத் திறந்தார், என் வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய முழுக் குரலைக் கேட்டேன், அடிவயிற்றிலிருந்து, இத்தனை வருஷம் பல்லுக்குள் கடித்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும், தெருவுக்கே கேட்கும்படி, நிம்மதியாக, சுதந்திரமாகக் கத்தினார், டம்ளர் பறந்தது, அம்மாவின் முடியை எட்டிப் பிடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அப்புறம் படிக்கட்டில் நிறையக் கால்கள். அவருக்குக் கேட்கவில்லை, அவர் கத்திக்கொண்டிருந்தார்.